உஷார்! ஃபாலோயர் வேறு, வாடிக்கையாளர் வேறு

இன்ஸ்டாகிராமில் சேலை, கவரிங் நகை, மசாலாப் பொடி விற்கிறவர்களே, தீபாவளி ஆர்டர் குவிவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். நாளைக் காலை உங்கள் பக்கம் திறக்கவில்லை என்றால், போன மாதம் வாங்கியவர்களில் பத்துப் பேரையாவது போனில் கூப்பிட முடியுமா? முடியாதென்றால் ஆபத்து வாசல் வரை வந்துவிட்டது.

பூச்சாண்டி காட்டவில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தது; டிக்டாக்கும் அதில் போனது. அங்கே ஆள் சேர்த்தவர்களுக்கு, "இனி இந்த நம்பருக்கு வாங்க" என்று சொல்லக்கூட அவகாசமில்லை. 2021 அக்டோபர் 4, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, இரவு 9 மணி வாக்கில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்து படுத்தன. எழுந்திருக்க சுமார் 6 மணி நேரம். மூன்றுக்கும் ஒரே முதலாளி, மெட்டா! 'இன்ஸ்டா போனால் வாட்ஸப் இருக்கிறதே' என்று தெம்பாக இருப்பவர்கள் கவனிக்க.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. சினிமாப் பாட்டு வைத்து ரீல்ஸ் போட்டிருப்பீர்கள். 'காப்புரிமைப் புகார் வந்துள்ளது, 24 மணி நேரத்தில் பதில் தராவிட்டால் கணக்கு நீக்கப்படும்' என்று மெசேஜ் வரும். மெட்டா லோகோ, மிடுக்கான ஆங்கிலம். பதறிப்போய் லிங்கைத் தட்டி, பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டீர்களா, போச்சு! அது போலி மெசேஜ்; அனுப்பிய மோசடிக்காரன் மெயில் ஐடி, போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவான். அப்புறம் நீங்கள் எடுத்த அதே சேலைப் போட்டோவைக் காட்டி, உங்கள் வாடிக்கையாளரிடமே ஜிபேயில் அட்வான்ஸ் வாங்குவான். திட்டு மட்டும் உங்களுக்கு. நேரில் போய்ச் சண்டை போட மெட்டாவுக்கு உங்கள் ஊரில் கிளையா இருக்கிறது? படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

'விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறேனே, என்னைக் கைவிடுவார்களா?' தாராளமாக! 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுக்கே முதலிடம் என்று ஃபேஸ்புக் அறிவித்தது. காசு கொடுத்து லைக் சேர்த்த கடைப் பக்கங்கள் பின்வரிசைக்குப் போயின.

இன்றைக்கே டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள். வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். முக்கியமாக, கூரியர் ஸ்லிப்பைக் கிழித்துப் போடாதீர்கள். பெயர், ஊர், நம்பர் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. நோட்டில் ஏற்றுங்கள். புதுச் சரக்கு வந்தால் சொல்லலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பார்சலுக்குள் உங்கள் நம்பர் அச்சடித்த சீட்டு ஒன்றை வையுங்கள். அந்த நம்பரை சேவ் செய்யாதவர்களுக்கு உங்கள் வாட்ஸப் பிராட்காஸ்ட் போகவே போகாது.

வாடிக்கையாளர் யாராவது பணத்தைப் பறிகொடுத்துவிட்டால், சமாதானம் பேசி நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் போடச் சொல்லுங்கள்.