வெண்கலச் சிலையோட விலை எதுல இருக்கு?

இன்னைக்கு எபிசோடை ஒரு திருட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2005 டிசம்பர். இங்கிலாந்தில் பெர்ரி கிரீன் என்ற சின்ன ஊர். சிற்பி ஹென்றி மூர் வாழ்ந்து வேலை செய்த இடம். ஒரு ராத்திரி, கிரேன் வச்ச லாரியோட வந்த சிலர், அங்கே இருந்த அவரோட சாய்ந்து படுத்திருக்கும் உருவம் ஒன்றை அப்படியே தூக்கிட்டுப் போயிட்டாங்க. எடை 2 டன்னுக்கு மேல. மதிப்பு 30 லட்சம் பவுண்ட். சிலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அதை வெட்டி, உருக்கி, பழைய உலோகமா வித்திருப்பாங்கன்னு போலீஸ் முடிவுக்கு வந்தாங்க. அப்படி வித்தா கைக்கு வந்திருக்கக்கூடியது அதிகபட்சம் 1,500 பவுண்ட்.

30 லட்சத்துக்கும் 1,500-க்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளிதான் இன்னைய டாபிக். 1940-கள் நடுவில் இருந்து 1960-கள் முடியும் வரைக்கும் வந்த நவீன வெண்கலச் சிற்பங்களை எப்படி அடையாளம் காண்றது, எப்படி மதிப்புப் போடுறது?

இதுல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. வேலை விஷயமா ஒரு வருஷம் அமெரிக்காவில் மிச்சிகன்ல இருந்தேன். அங்கே ஒருத்தர் இறந்துட்டா, வீட்டுச் சாமான் மொத்தத்தையும் வீட்டிலேயே வச்சு விப்பாங்க. எஸ்டேட் சேல்னு பேரு. அப்படி ஒரு வீட்டுல, பறவை மாதிரி இருந்த ஒரு அடி உயர வெண்கல உருவத்தை 60 டாலருக்கு வாங்கினேன். மேலே பழுப்பும் பச்சையுமா இருந்துச்சு. நமக்குத்தான் தெரியுமே, பாட்டி குத்துவிளக்குக்கு என்ன பண்ணுவாங்கன்னு. புளி, உப்பு, தேங்காய் நார். அரை மணி நேரத்துல தங்கம் மாதிரி பளபள.

அதை எடுத்துக்கிட்டு ஒரு மதிப்பீட்டாளர்கிட்ட போனேன். அவங்க கேட்ட முதல் கேள்வி: "யார் இதைத் தேய்ச்சது?"

நிறம் அழுக்கு இல்லை

அந்தப் பழுப்புக்கும் பச்சைக்கும் பேட்டினான்னு பேரு. வார்த்து முடிச்ச சிலையை டார்ச்சால சூடு பண்ணி, அது மேல ரசாயனத்தைப் பூசுவாங்க. ஃபெர்ரிக் நைட்ரேட் பூசினா செம்பழுப்பு, காப்பர் நைட்ரேட் பூசினா பச்சை. அப்புறம் மேல மெழுகு. அந்த நிறம் சிற்பியோட முடிவு. அதைத் தேய்ச்சு எடுக்கிறது, ஓவியத்துல மேல் அடுக்கைச் சுரண்டுற மாதிரி. அதனால முதல் ரூல்: கையில கிடைச்சதும் கழுவாதீங்க.

முதல்ல, இது வெண்கலம்தானா?

காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினா உள்ளே இரும்பு. ஆனா ஒட்டலைங்கிறதால வெண்கலம்னு ஆகிடாது. துத்தநாகம், அலுமினியம், ரெசின் எதுலயும் காந்தம் ஒட்டாது. அடுத்தது எடை. ரெசின்ல வெண்கலப் பொடி கலந்து வார்த்தது பார்க்க அசல் மாதிரியே இருக்கும், தூக்கினா லேசா இருக்கும். தட்டினா வெண்கலம் மணி மாதிரி ஒலிக்கும், ரெசின் 'டொக்'னு சொல்லும். அடிப்பகுதியில தேய்ஞ்ச இடத்தைப் பாருங்க. சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தா அது பூச்சு பூசின துத்தநாகம். வெண்கலம்னா பொன் நிறம் தெரியும்.

ஒரே சிலை எப்படி ஆறு ஆகுது?

சுவாமிமலையில ஸ்தபதி மெழுகுல செஞ்ச உருவத்து மேல மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேத்தி, உலோகத்தை ஊத்துவாரு. மண் அச்சை உடைச்சாத்தான் சிலை வெளியே வரும். ஒரு மெழுகு, ஒரு அச்சு, ஒரு சிலை. ஐரோப்பிய நவீன சிற்பிகள் பெரும்பாலும் முதல்ல பிளாஸ்டர்ல மூல உருவம் செஞ்சாங்க. அதுல இருந்து அச்சு எடுத்து, வேணுங்கிற அளவு வார்க்கலாம். அதனாலதான் எண் முக்கியம். '3/6'ன்னு பொறிச்சிருந்தா ஆறுல மூணாவது வார்ப்பு. பக்கத்துல வார்ப்புப் பட்டறையோட முத்திரையும் பெரும்பாலும் இருக்கும்: மூருக்கு பெர்லினின் நோவாக், ஜாக்கொமெட்டிக்கு பாரிஸின் சூஸ்.

பிரான்ஸ்ல அசல்னு சொல்ல 8 வார்ப்பு, கூடவே கலைஞருக்கு 4. அதுக்கு மேல போனா நகல். நகல்னா அதுல 'மறுபதிப்பு'ன்னு பொறிக்கணும்னு 1981-ல அரசாணையே போட்டாங்க.

கையெழுத்தும் காப்பி ஆகும்

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. முடிஞ்ச வெண்கலச் சிலையில இருந்தே ஒருத்தர் திருட்டுத்தனமா அச்சு எடுத்தா, கையெழுத்து, எண், முத்திரை எல்லாமே சேர்ந்து வந்துடும். ஆனா ஒண்ணை மட்டும் மறைக்க முடியாது. வெண்கலம் ஆறும்போது 2 சதவீதம் வரை சுருங்கும். 30 செ.மீ. அசல்ல இருந்து எடுத்த நகல் ஏறக்குறைய அரை செ.மீ. குறையும். அதனால கேட்டலாக்ல இருக்கிற அளவை எடுத்துக்கிட்டு காலிப்பர் வச்சு அளங்க. கோடிக்கணக்குல விலை போற துறையில ரொம்ப சீப்பான டெஸ்ட் இது.

அடுத்தது பேப்பர். 2009-ல ஜெர்மனி போலீஸ் ஏறக்குறைய 1,000 போலி ஜாக்கொமெட்டி சிலைகளைப் பிடிச்சாங்க. அதை வித்த ஆள் தன்னை ஒரு பிரபுன்னு சொல்லிக்கிட்டாரு. ஜாக்கொமெட்டியோட தம்பி டியேகோ ரகசியமா வார்ப்புகளைப் பதுக்கி வச்சாருன்னு கதை கட்டி, அதை ஒரு புத்தகமாவே போட்டிருந்தாங்க. சிலையை விட, அது வந்த வழியைத்தான் அவங்க அதிகமா போலி செஞ்சாங்க. ஏன்னா விலை அங்கதான் இருக்கு. நம்ம மொழியில சொன்னா, கோடு மட்டும் இருந்தா போதாது, கமிட் ஹிஸ்டரியும் வேணும். எப்போ வார்த்தது, சிற்பி உயிரோட இருந்தப்பவா இறந்த பிறகா, யார்கிட்ட இருந்து யார் வாங்கினாங்க, ரசீது எங்கே?

இதுக்கு நேர் எதிரா ஒரு கேஸ், ஹாரி பெர்டோயா. மிச்சிகன்ல படிச்சவர், கம்பிகளைப் பற்றவச்சு ஒலி எழுப்பும் சிற்பங்கள் செஞ்சவர். அவர் தன் சிற்பங்கள்ல கையெழுத்துப் போடுறதே அபூர்வம். அதனால பெரிசா கையெழுத்து இருந்தாத்தான் சந்தேகம் வரணும்.

விலை

ஜாக்கொமெட்டியோட 'நடக்கும் மனிதன்' 2010-ல லண்டன்ல 6.5 கோடி பவுண்டுக்குப் போச்சு. அதை வச்சு உங்க வீட்டுச் சிலைக்குக் கணக்குப் போடாதீங்க. அதே சிற்பி, அதே அளவு, அதே காலத்து வார்ப்பு எவ்வளவுக்கு வித்துச்சுன்னு ஏல முடிவுகள்ல தேடுங்க. ஆன்லைன்ல கேக்கிற விலை வேற, உண்மையா வித்த விலை வேற. இன்சூரன்ஸுக்குப் போடுற மதிப்பு இன்னும் வேற; அது பொதுவா கூடவே இருக்கும்.

என் பறவைக்கு வருவோம். அது வெண்கலம்தான், நல்ல வார்ப்புதான். ஆனா முத்திரை இல்லை, எண் இல்லை, நிறமும் இல்லை. "வித்தவங்ககிட்ட ஏதாவது கேட்டீங்களா?"ன்னு மதிப்பீட்டாளர் கேட்டாங்க. இறந்தவரோட மகள்தான் எங்கிட்ட காசு வாங்கினாங்க. அப்பா இதை எங்கே வாங்கினாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேரம்தான் பேசினேன். மறுபடி தேடிப் போனப்போ வீட்டையே வித்துட்டாங்க.

பறவை இப்போ என் மானிட்டர் பக்கத்துல இருக்கு. ரெண்டு வருஷத்துல மெல்ல மறுபடி பழுப்பாகுது. அது சிற்பி கொடுத்த நிறம் இல்லை, என் ரூம் காத்து கொடுக்கிறது. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்படி ஏதாவது இருந்தா, இந்த வாரம் போன் பண்ணிக் கேளுங்க. எங்கே வாங்கினது, எப்போ, யார்கிட்ட? கேட்டு எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.