பழைய காரின் தோல் சீட்: எண்ணெய் தடவும் முன்னும், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னும்

பல பழைய கார்களின் தோல் சீட்டுக்குக் கேடு தேங்காய் எண்ணெயில்தான் தொடங்குகிறது. வறண்டு வெடித்த தோலில் எண்ணெய் தடவினால் இளகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தடவிய அன்று பளபளக்கவும் செய்யும். பிறகு தோல் கறுத்து, சிக்கு வாடை அடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும். சிலிக்கோன் ஸ்ப்ரே இன்னும் மோசம். அது படிந்த இடத்தில் பின்னால் அடிக்கிற வண்ணம் ஒட்டாது.

தோல் பதனிடும்போதே அதன் நார்களுக்குள் எண்ணெய் ஏற்றிவிடுகிறார்கள். வெயிலில் நிற்கிற காரில் வருடக்கணக்கில் அந்த எண்ணெயும் ஈரமும் குறைய, நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போகின்றன. தோலுக்கு மேலே ஒரு பூச்சும் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், பிற்காலத்துக் கார்களில் பாலியூரித்தேன். இந்தப் பூச்சு முழுசாக இருந்தால் நீங்கள் தடவும் எண்ணெய் உள்ளே போகாது. வெடித்திருந்தால் வெடிப்பில் மட்டும் இறங்கித் திட்டுத்திட்டாக நிற்கும்.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். பழைய பென்ஸ் கார்களில் தோல் என்று நம்பிப் பலர் பராமரிப்பது எம்பி-டெக்ஸ் என்ற வினைலை. சீட்டின் அடியில் மடித்து அடித்திருக்கும் ஓரத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும்: தோலின் பின்புறம் நார் நாராக இருக்கும், ரெக்சினின் பின்புறம் துணி இருக்கும்.

தோல்தான் என்றால் வெடிப்பை விரலால் மெதுவாக விரித்துப் பாருங்கள். மேல்பூச்சு மட்டும் வெடித்து உள்ளே நார் உறுதியாக இருந்தால் கவலையில்லை. அழுக்கெடுத்து, நிரப்பி, வண்ணம் ஏற்றிவிடலாம். ஆழமாகக் கிழிந்திருந்தால் உள்பக்கம் துணி வைத்து ஒட்ட வேண்டும். கையில் செம்பொடி ஒட்டுகிறதா? மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிட்ட தோலில் அமிலம் சேர்ந்து நாரே அழிந்த நிலை அது. எந்தக் கிரீமும் அதை மீட்காது. காட்சிக்கு வைக்கிற கார் என்றால் பொடி உதிராமல் இறுக்கி வைக்கலாம், உட்கார முடியாது. இதை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிற கடையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சூடும் ஆபத்து. குரோம் கொண்டு பதனிட்ட நல்ல தோல் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாங்கும். சிதைந்த தோல் அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே சுருண்டுவிடும். சுருண்டது திரும்ப விரியாது. ஆகவே ஸ்டீம் வாஷும் ஹாட் ஏர் கன்னும் வேண்டாம். வேலை செய்பவருக்கும் ஆபத்து உண்டு. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற லாக்கர்களில் ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள்ளேயே தின்னர் போட்டுத் துடைப்பதை எந்தக் கடையிலும் அனுமதிக்காதீர்கள். கூடியமட்டும் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் வேலை நடக்க வேண்டும்.

இனி பணம். குஷன் கடைகளில் வாய்ப்பேச்சும் நோட்டில் கிறுக்கிய எஸ்டிமேட்டும்தான் வழக்கம். தகராறு வந்தால் அது நிற்காது. பழைய தோலைச் சரிசெய்வதா, புதுத் தோல் போடுவதா, புதுசு என்றால் அசல் தோலா, என்ன பதனீடு, எத்தனை மாத உத்தரவாதம், எல்லாம் எழுத்தில் வரட்டும். கழற்றிய பழைய தோலைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். அது உங்கள் பொருள். புதுத் துண்டு வெட்டவும் அதுதான் அளவு. வண்டியை விடும் முன் ஒவ்வொரு சீட்டையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, தேதியோடு கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பில் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. ‘அசல் தோல்’ என்று சொல்லி பிளாஸ்டிக் பூசிய துணியைப் போட்டாலும், சுருட்டிக் கெடுத்தாலும் புகார் செய்யலாம். முதலில் எழுத்துமூலம் கடைக்காரரிடம் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். போட்டது தோலா இல்லையா என்ற சண்டைக்குச் சோதனைச் சான்று இருந்தால் பேச்சே குறைந்துவிடும். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. காரைக் கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிறவர் என்றால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதுவே சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்ட முடிந்தால்தான் நுகர்வோர் என்ற பாதுகாப்பு கிடைக்கும்.

சீட்டைத் தொட்டால் விண்டேஜ் வண்டிகளுக்குத் தரும் ‘விஏ’ பதிவு போய்விடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டு விதி பெரிய மாற்றம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றை; அந்த வரிசையில் சீட் இல்லை.