கிராணி வேறு, கணக்காளர் வேறு

சம்பளத் தாள் கைக்கு வந்ததும் அடியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நடுவிலே என்னென்ன பிடித்திருக்கிறார்கள், ஏன் பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆபீஸ் கிராணியின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

2018ஆம் ஆண்டு, பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் குத்தகையாளரிடம் வேலை செய்து வந்தார். அவருடைய மகள் நான்காம் படிவத்தில் கணக்கியல் பாடம் எடுத்திருந்தாள். பள்ளியில் சம்பளக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்த பிள்ளை கேட்டாள்: "அப்பா, உங்க சம்பளத் தாளெல்லாம் இருந்தா குடுங்கப்பா, பாக்கணும்."

அவர் அலமாரிக்குள்ளிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டார். பிள்ளை ஊழியர் சேமநிதி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதம் மாதமாகச் சரிபார்த்தாள். இரண்டு மாதங்களுக்குச் சம்பளத்தில் சேமநிதி பிடித்திருக்கிறது. ஆனால் சேமநிதிக் கணக்கில் அந்தப் பணம் ஏறவில்லை. அப்பாவும் மகளுமாகத் தாளையெல்லாம் எடுத்துக்கொண்டு சேமநிதி அலுவலகத்துக்குப் போனார்கள். சில மாதங்கள் கழித்துப் பணம் கணக்கில் ஏறியது.

அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்லாப் படிம்மா. கணக்குப் படிச்சா கிராணி வேலை கெடைக்கும்" என்றாராம்.

"கிராணி இல்லப்பா, அக்கவுண்டன்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல, தோட்டத் தோழர்களே. இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கு உண்டு, அதனாலேயே சில பிள்ளைகள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

நம் தாத்தா காலத்தில் கிராணி என்றால் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளத்தார்தான் பெரும்பாலும். பெரட்டில் பேர் பதிவது, செக்ரோல் எழுதுவது, பால் நிறுப்பதைக் குறிப்பது எல்லாம் அவர் கையில். அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்கார்ந்தால் போதும் என்பதுதான் பல தகப்பன்மாரின் கனவாக இருந்தது. கனவில் குற்றமில்லை. ஆனால் கிராணி எழுதிய கணக்கைச் சரிபார்த்து, "இது உண்மையான கணக்கு" என்று கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். நம் நாட்டில் 1967ஆம் ஆண்டின் கணக்காளர் சட்டப்படி, எம்.ஐ.ஏ. எனப்படும் மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொண்டவர்தான் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபது வருஷம் கணக்கு எழுதியிருந்தாலும், அனுபவம் மட்டும் அந்தப் பெயரைக் கொடுக்காது. கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட வேண்டுமானால் அதற்கு மேல் நிதியமைச்சின் அனுமதியும் வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பாட்டாளிகள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. வெயிலில் காய்ந்து சம்பாதித்த காசு எங்கே போனது, எவ்வளவு வளர்ந்தது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் தணிக்கைக் கணக்குத்தான் சொல்லும். அந்தக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் கூட்டத்தில் எத்தனை பேர்? கோயில் கணக்கானாலும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கானாலும் இதே கதைதான். சண்டை போட ஆள் இருக்கிறது, கணக்கைப் பார்க்க ஆளில்லை.

சரி, பாதைக்கு வருவோம். முக்கியமாக இரண்டு உண்டு.

ஒன்று பல்கலைக்கழகப் பாதை. எஸ்.பி.எம். முடித்து, ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ பாலிடெக்னிக் டிப்ளமாவோ செய்து, கணக்கியலில் பட்டம் எடுத்து, பிறகு மூன்றாண்டு வேலை அனுபவம் பெற்று எம்.ஐ.ஏ.யில் சேர்வது. மலாயாப் பல்கலைக்கழகம், கெடா சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அனுப்பிவிடுங்கள். தனியார் கல்லூரி என்றால் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பட்டம் கணக்காளர் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா?" இல்லையென்றால் பிள்ளை பட்டம் வாங்கிய பிறகு எம்.ஐ.ஏ. நடத்தும் தகுதித் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும். விளம்பரத் தாளைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிற்கும் ஏஜெண்ட் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்.

மற்றது தொழில்முறைத் தேர்வுப் பாதை. நம்மவர்களில் வசதியில்லாத பிள்ளைகள் ஏறி வந்தது பெரும்பாலும் இந்தப் படியில்தான். முன்பெல்லாம் மாலை வகுப்பில் எல்.சி.சி.ஐ. கணக்குப் பதிவியல் படித்து, பட்டணத்தில் சின்ன ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறினார்கள். இப்போதும் அந்தப் படி இருக்கிறது. அடுத்த படி ஏ.சி.சி.ஏ. லண்டனில் 1904ல் தொடங்கிய கணக்காளர் சங்கம் அது. அதன் அடிப்படை நிலையில் சேர முன்தகுதி எதுவும் கேட்பதில்லை. முழுத் தகுதிக்குச் சில ஆண்டுகளாக 13 தாள்கள். கூடவே மூன்றாண்டு வேலை அனுபவம். பாடத்திட்டம் அவ்வப்போது மாறும், சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு நான்கு முறை தேர்வு. நூற்றுக்கு ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஐம்பதுதானே என்று நினைத்துவிடாதீர்கள், அந்த ஐம்பது லேசில் வராது.

உண்மையான கஷ்டம் மொழியில் இருக்கிறது. நம் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், பிறகு மலாய் மொழியில் ஐந்து வருஷம் படிக்கிறது. தேர்வுத் தாளோ முழுக்க ஆங்கிலம். கணக்கு சரியாகப் போட்டுவிட்டு, விளக்கம் எழுத முடியாமல் ஐந்தாறு மார்க்கில் தவறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே கணிதத்தோடு ஆங்கிலத்தையும் முதலாம் படிவத்திலிருந்தே கெட்டியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பற்று வரவு பிடிபடாமல் போகாது. மளிகைக் கடையில் 555 நோட்டில் அம்மா வாங்கிய பற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நம் கடன் கடைக்காரனுக்கு வரவேண்டிய சொத்து என்று புரியவைக்க அதிக நேரம் ஆகாது.

இனிப் பணம். ஏ.சி.சி.ஏ. கட்டணமெல்லாம் பவுனில். வெள்ளி மதிப்பு இறங்கினால் கட்டணம் தானாக ஏறும். ஆண்டுச் சந்தா வேறு உண்டு. தவறிய தாளுக்கு மறுபடி கட்ட வேண்டும். இதற்குப் பல தகப்பன்மார் சேமநிதியைத்தான் நினைக்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி. 2024 மே மாதம் முதல் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிகிறது. பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் 15 விழுக்காடு சேரும். அது மாதம் 61 வெள்ளி 20 காசு. லாப ஈவைச் சேர்க்காமல் வருஷத்துக்கு 734 வெள்ளி 40 காசுதான் தேறும். வேலையை விட்டு நின்றதும் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டிய மனிதனுக்கு, சொந்தக் கூரைக்காகக் கைவைக்கக்கூடிய பணமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பாவின் சேமநிதியைத் துடைத்தெடுத்துப் பெரிய தனியார் கல்லூரியில் முழுநேரம் சேர்ப்பதைவிட, பிள்ளை தணிக்கை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தாளாக எழுதுவது நல்லது. வருஷம் கூடும். ஆரம்பச் சம்பளம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பல கம்பெனிகள் டிசம்பரில் கணக்கை முடிப்பதால் புத்தாண்டு பிறந்ததும் ராத்திரி ஒன்பது, பத்து மணி வரைகூட வேலை இருக்கும். பெண் பிள்ளை நேரங்கழித்து வருகிறாளே என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், பேசட்டும். இருந்தாலும் அந்த வேலை நாள்களே பின்னால் எம்.ஐ.ஏ. கேட்கும் மூன்றாண்டு அனுபவத்தில் சேரலாம். யாருக்குக் கீழே வேலை, அது கணக்கில் சேருமா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் சொன்ன அந்தப் பெண் அப்படித்தான் போனாள். எஸ்.பி.எம். முடித்ததும் பட்டணத்தில் ஓர் ஆபீஸில் சேர்ந்தாள், சம்பளத்தில் கட்டணம் கட்டினாள். இரண்டு தாள்கள் முதல் தடவை தவறின. ஒரு தடவை அழுதுகொண்டே, "போதும்ப்பா, நான் கிராணியாவே இருந்துர்றேன்" என்று போன் செய்தாளாம். அப்பாவுக்கு அப்போது வித்தியாசம் தெரிந்திருந்தது. "கெடக்குது போ, அடுத்த மூணு மாசத்துல திரும்ப எழுது" என்று சொன்னாராம்.

இதுவரை ஒன்பது தாள்கள் முடித்துவிட்டாள். அடுத்தது தணிக்கைத் தாள். மாதம் பிறந்தால் அப்பாவின் சம்பளத் தாளை அம்மா வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார். இன்னமும் ஒரு வரி விடாமல் அவள்தான் சரிபார்க்கிறாள்.