முடிச்சில் விழுந்த காதல் கதை

லைலா மஜ்னூன் கதையை நிஸாமி என்னும் பாரசீகக் கவிஞர் 1188இல் காவியமாகப் பாடினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே குஸ்ரூ ஷிரீன் கதையையும் பாடியிருந்தார். இவற்றை ஏட்டில் படித்தவர்கள் பலர். கம்பளத்தில் முடிச்சிட்டு வைத்த பெண்களும் உண்டு. அவர்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

ஈரானின் குராசான் பகுதியிலும் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கத்திலும் பலூச் மக்கள் மந்தை மேய்த்து வாழ்ந்தார்கள். கம்பளம் நெய்தவர்கள் பெண்களே. தறி நிலத்தில் கிடையாகக் கிடக்கும். இடம்பெயரும்போது சுருட்டிக்கொண்டு போகலாம். கம்பளி நூலைப் பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகக் கட்டி வெட்டுவார்கள். கருஞ்சிவப்பு, கருநீலம், ஒட்டக மயிரின் பழுப்பு ஆகியவை அவர்களது நிறங்கள்.

பெரும்பாலும் பூவும் மரமும் கோண வடிவங்களுமே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் கல்லச்சுப் புத்தகங்கள் பரவியபின், அவற்றின் படங்கள் கம்பளங்களுக்கும் இறங்கின. எலும்பு தெரிய வனத்தில் அமர்ந்த மஜ்னூன், அவனைச் சுற்றி விலங்குகள்; நீராடும் ஷிரீன், குதிரைமேல் குஸ்ரூ; மலையைக் குடையும் பர்ஹாத். முடிச்சு படிப்படியாகவே ஏறும் என்பதால் மூக்கும் தோளும் கோணலாகிவிடும். அந்தக் கோணல்தான் எனக்குப் பிடித்தது.

உருவம் உள்ள விரிப்பை வீட்டில் வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத் திரையை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. அவர்கள் அதை வெட்டித் தலையணைகளாக்கினார்கள் என்று ஹதீஸ் உண்டு. தொங்குவதற்கும் காலடியில் கிடப்பதற்கும் அறிஞர்கள் வேறுபாடு காட்டியது இதனால்தான். தொழுகைக்கென்றே பலூச் பெண்கள் நெய்த விரிப்புகளில் சதுரமான மிஹ்ராப் வடிவமும் மரமும் இருக்கும். சிலவற்றில் மேல்மூலைகளில் இரு கைகளின் வடிவமும் உண்டு, ஸுஜூதில் கை வைக்கும் இடம்போல.

எங்கள் அளவெட்டியில் பாய் என்றால் பனையோலைப் பாய். ஒடியல் காயப்போட அதுவே போதும். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் கோரைப்புல்லை ஊறவைத்து, மெல்லிதாகக் கிழித்து, பட்டுப்போல் பாய் முடைகிறார்கள். கலியாணப் பாயில் மணமக்களின் பெயரையே நெய்துவிடுவார்கள். உருவம் இல்லை, எழுத்துத்தான். அதுவும் காதல் கதைதானே!

பழைய கம்பளம் ஒன்று கண்ணில் பட்டால் அதைத் திருப்பிப் பாருங்கள். கையால் முடிச்சிட்டதென்றால் படம் பின்புறத்திலும் தெளிவாகத் தெரியும். நெய்தவளின் பெயர் மட்டும் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இராது.