பூத்தும் காய்க்காத கொடி: கரமனைக் கொல்லைகளில் பாஷன் பழம்

திருவனந்தபுரம் நகரில் கரமனை ஆற்றை அடுத்துள்ள கரமனையில், பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் உள்ளன. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அவற்றின் பின்புறம் ஒடுங்கி நீண்ட கொல்லை. அங்கே பலாவோ மாவோ வைத்தால் வேறொன்றுக்கும் இடம் இராது. ஆனால் ஒரு பந்தலுக்கும் ஒரு கொடிக்கும் இடம் உண்டு. கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் பாஷன் பழக் கொடி இன்று பரவலாகக் காணப்படுவதற்கு இவ்விட வசதியே பெருங்காரணம் எனலாம்.

இக்கொடியை வைத்தவர்களிடமிருந்து வெளிக்களப் பணியாளரும் ஆசிரியரும் கேட்கக்கூடிய முறையீடு ஒன்றுண்டு. கொடி மதிலைத் தாண்டிப் படர்கிறது, நாள்தோறும் பூக்கிறது, ஆயினும் ஒரு காய்கூட நிற்பதில்லை. உரம் போதவில்லை போலும் என்று மேலும் உரம் இடுகின்றனர், இலைதான் பெருகுகிறது. இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ‘இது மலட்டுக் கொடி’ என்று வேரோடு வெட்டி எறிகின்றனர். அவ்வாறு வெட்டுண்ட கொடிகளில் பல மலடு அல்ல. துணையின்றி நின்றவை அவை.

பாஷன் பழத்தின் தாயகம் தென் அமெரிக்காவில் பிரேசிலின் தென்பகுதியும் பராகுவேயும் அவற்றை அடுத்த அர்ஜென்டினாப் பகுதியும் ஆகும். ‘பாஷன்’ என்னும் பெயருக்கும் இச்சைக்கும் தொடர்பில்லை. அங்குச் சென்ற கிறிஸ்தவப் பாதிரிமார், பூவின் நடுவே உள்ள இழைவட்டத்தை முள்முடியாகவும், ஐந்து மகரந்தத் தாள்களை ஐந்து காயங்களாகவும், மூன்று சூல்முடிகளை மூன்று ஆணிகளாகவும் கண்டு, இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் பெயரை அதற்கு இட்டனர். யாழ்ப்பாணத் தமிழர் இதனைக் கொடித்தோடை என்பர். தோடை என்பது ஆரஞ்சு இனப் பழங்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்; கொடியில் காய்க்கும் புளிப்பினிப்புப் பழத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. நம் நாட்டு வேலிகளில் படரும் சிறுபூனைக்காலியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பழத்தில் இரு வகைகள் முக்கியமானவை. ஊதா வகை குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு ஏற்றது. நீலகிரி, குடகு, வயநாடு முதலிய இடங்களில் காண்பது பெரும்பாலும் இதுவே. மஞ்சள் வகை வெப்பமான தாழ்நிலங்களில் செழிப்பது. கரமனை போன்ற கடலோர ஊருக்கு மஞ்சள் வகையே உகந்தது. குடகு மாவட்டத்துச் செட்டள்ளியில் உள்ள மத்தியத் தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம் இவ்விரண்டையும் கலந்து ‘காவேரி’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியுள்ளது.

நிறமும் அளவும் மட்டுமே இவ்வகைகளின் வேற்றுமை என்று கருதுவோர் உண்டு. காய்க்காத கொடியின் மர்மம் வேறொரு வேற்றுமையில் இருக்கிறது. ஊதா வகையின் பூ விடியலில் மலர்ந்து நண்பகலில் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கவும் அதனால் இயலும். மஞ்சள் வகையின் பூவோ நண்பகலை ஒட்டி மலர்ந்து இரவில் மூடும். அது பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. அதே கொடியின் மற்றொரு பூவிலிருந்து கொண்டுவந்தாலும் பயனில்லை. மரபில் வேறுபட்ட மற்றொரு கொடியின் மகரந்தமே வேண்டும். ஹவாய்த் தீவுகளின் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அக்கமின், கிரோலாமி ஆகிய இருவரும் 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வேடு இவ்வியல்பை விரிவாக விளக்கியது.

தெருக்களில் நிகழும் ஒரு நல்ல வழக்கம் இங்கே தீங்காக முடிகிறது. ஒரு வீட்டில் கொடி நன்றாக வந்தால், தண்டுத் துண்டுகளை நறுக்கி அண்டை வீட்டாருக்கு அளிப்பார்கள். பத்து வீடுகளில் பத்துக் கொடிகள் படரும். ஆயினும் விஞ்ஞான நோக்கில் அவை பத்தல்ல, ஒன்றே. தாய்க்கொடியின் மரபு மாறாமல் அத்துண்டுகளில் இருப்பதால், ஒன்றன் மகரந்தம் மற்றொன்றில் செல்லாது. வேறிடத்திலிருந்து, வேறு தாய்க்கொடியிலிருந்து வந்த ஒரே ஒரு கொடி அத்தெருவில் நுழைந்தால், அதன் அருகிலுள்ள கொடிகளெல்லாம் காய்க்கும் வாய்ப்பைப் பெறும்.

இரண்டு கொடிகள் இருந்தும் காய் பிடிக்காத இடங்களும் உண்டு. இப்பூவின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றால் பறக்காது. சூல்முடிகளோ மகரந்தப் பைகளுக்கு மேலே உயர்ந்து நிற்பவை. பூ மலர்ந்த சிறிது நேரத்தில் சூல்தண்டுகள் கீழ்நோக்கி வளைகின்றன. அப்போது பூவுக்குள் நுழையும் பூச்சியின் முதுகு பைகளையும் சூல்முடிகளையும் ஒருங்கே உரச வேண்டும். தேனீ இதற்குச் சிறியது. மகரந்தத்தை எடுத்துச் செல்லுமேயன்றிச் சூல்முடியைத் தொடுவது அரிது. உரிய அளவுடையது, பழைய வீடுகளின் உத்தரங்களிலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு. நூல்களில் இது தச்சத் தேனீ எனப்படும். உத்தரத்தைத் துளைக்கிறது என்று வீட்டார் இதனை அடித்துக் கொல்வதுண்டு. அது நியாயமே; எனினும் பந்தலின் அருகே சில உலர்ந்த மரக்கட்டைகளையோ மூங்கில் துண்டுகளையோ தொங்கவிட்டால், உத்தரத்தை நாடாமல் அங்கேயே தங்கவும் கூடும்.

கரமனைக்கு மற்றோர் இடையூறும் உண்டு. திருவனந்தபுரம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் ஊர். ஏப்ரல், மே மாதங்களிலும் துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழைக் காலத்திலும் இடியுடன் கூடிய மழை பிற்பகலில் பெய்வது வழக்கம். மஞ்சள் வகை பூத்திருக்கும் நேரமும் அதுவே. மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகும். சேர்க்கை நிகழ்ந்தபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரமாவது பூ நனையாதிருத்தல் வேண்டும். ஆகவே அம்மாதங்களில் பூத்த பூக்கள் உதிர்வதைக் கண்டு நோய் என்று அஞ்சி மருந்து தெளிப்பது வீண் செலவு. கருவண்டையும் அது கொன்றுவிடும்.

கருவண்டு வராத இடத்தில் மனிதக் கையே அதன் வேலையைச் செய்யலாம். பாஷன் பழ உற்பத்தியில் உலகில் முதலிடம் வகிக்கும் பிரேசிலிலும் பல தோட்டங்களில் கூலியாட்கள் இதனைக் கையால்தான் செய்கின்றனர். பிற்பகல் ஒரு மணிக்குப் பின், சூல்தண்டுகள் வளைந்த பூக்களைத் தேர்ந்து, ஒரு கொடியின் மகரந்தத்தை விரல் நுனியிலோ மென்மையான தூரிகையிலோ எடுத்து, மற்றொரு கொடியின் பூவிலுள்ள மூன்று சூல்முடிகளிலும் தடவ வேண்டும். மூன்றிலும் நிறையத் தடவுதல் அவசியம். கருவுற்ற விதை ஒவ்வொன்றையும் சூழ்ந்தே சாற்றுப்பை உண்டாவதால், மகரந்தம் குறைந்தால் விதை குறையும். பழம் பெரிதாகத் தோன்றினும் உள்ளே வெறுமையாக இருக்கும். சூல்தண்டு வளையாமல் நேரே நிற்கும் பூக்களில் உழைத்துப் பயனில்லை, அவை காய்ப்பதில்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதனினும் சிறந்த தாவரவியற் பாடம் கிடைப்பது அரிது. நண்பகலுக்கு முன்னரே சில மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடிவைத்து, மலர்ந்தபின் சிலவற்றுக்குத் தன் மகரந்தம், சிலவற்றுக்கு அயல்கொடி மகரந்தம் இட்டு மீண்டும் மூடி, எஞ்சியவற்றைத் தொடாமல் விட்டு, வண்ண நூலால் அடையாளம் கட்டினால், ஒரு வாரத்திற்குள் எவை உதிர்ந்தன, எவற்றின் சூலகம் பருத்தது என்பதை மாணவர் தாமே கண்டறியலாம்.

வளர்ப்பு முறையில் சிக்கல் அதிகமில்லை. ஒன்றரை அடி ஆழ, அகல, நீளமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு நடலாம். தண்ணீர் தேங்கினால் தண்டின் அடி அழுகும்; ஆற்றை ஒட்டிய தாழ்வான கொல்லைகளில் மண்ணைக் குவித்து மேட்டில் நடுவதே தக்கது. பந்தல் ஆறு அல்லது ஏழு அடி உயரம் போதும். தண்டு பந்தலை எட்டும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். பூக்கள் புதுத் தளிர்களிலேயே தோன்றுவதால், ஒரு போகம் முடிந்ததும் கவாத்துச் செய்யாத கொடியில் அடர்த்திதான் மிகும். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் விளைச்சல் குறையும். அப்போது புதுக்கொடி வைக்க வேண்டும். இலைகளைத் தின்னும் முட்புழுக்களைக் கையாற் பொறுக்கினாலே போதுமானது.

காய் பிடித்து இரண்டு முதல் இரண்டரை மாதங்களில் பழம் முதிரும். முதிர்ந்த பழம் தானே உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்குவதே அறுவடை. பந்தலின் கீழ் வலையோ பழைய துணியோ கட்டி, காலையில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எலிக்கும் அணிலுக்கும் இரையாகும். பிள்ளைகள் பச்சைக் காயைப் பறித்துத் தின்பதைத் தடுப்பது அவசியம். பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடை வெளிப்படுத்தக்கூடிய பொருள்கள் உள்ளன; காய் பழுக்கும்போது அவை பெரிதும் குறைகின்றன. தோல் சுருங்கிய பழத்தைக் கெட்டுப்போனதென எறிவோரும் உளர்; பூசணமின்றிச் சுருங்கிய பழம் பெரும்பாலும் இனிப்பு மிகுந்ததாகவே இருக்கும்.

பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சாறு. விதை நசுங்காதவாறு வடிகட்டி, சர்க்கரைப் பாகு ஆறியபின் சேர்த்தல் நன்று; சாற்றைக் கொதிக்கவைத்தால் அதன் மணம் ஆவியாகிவிடும். வடித்த விதைகளில் சிலவற்றை இரண்டு மூன்று நாள் சாற்றோடு புளிக்கவிட்டுக் கழுவி விதைத்தால் எளிதில் முளைக்கும். ஒரே பழத்தின் விதைகளில் சில ஒன்றையொன்று ஏற்காதவையாக அமையக்கூடுமாதலால், அண்டை வீட்டாருக்கு நாற்று அளிப்போர் வெவ்வேறு கொடிகளின் பழங்களிலிருந்து விதை எடுத்து, வீட்டுக்கு இரண்டு நாற்றாகக் கொடுத்தல் வேண்டும்.