ஆறு ஏன் நுரைக்கிறது?

தண்ணீர் நிறைந்த ஓர் ஆண்டில், ஆடிப் பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று காவிரியைப் பார்த்திருக்கிறீர்களா? இரு கரையையும் தொட்டுக்கொண்டு, செந்நிறத்தில், அதிக ஓசையின்றிப் போய்க்கொண்டிருக்கும். அகலமான ஆறு, அவசரமில்லாத ஆறு.

இதற்கு நேர்மாறான ஓர் ஆற்றைச் சென்ற ஆண்டு பார்த்தேன். நாங்கள் குடியிருக்கும் கே.கே. நகரிலிருந்து திருச்சி விமான நிலையம் சைக்கிளில் போகும் தூரம்தான். அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. பிறகு அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு மலையேறும் சாலையில் சென்றால் கித்துல்கல என்ற ஊர் வரும். கித்துள் என்பது நம் கூந்தற்பனை. 'கல' என்றால் சிங்களத்தில் பாறை. பெயருக்கேற்ப அங்கே பனையும் உண்டு, பாறையும் உண்டு. நடுவே களனி ஆறு பாய்கிறது. இரு கரையிலும் மழைக்காடு. அந்த ஆற்றில்தான் ரப்பர் படகில் ஏறி, நுரைத்துப் பாயும் தண்ணீரில் துடுப்புப் போடும் விளையாட்டு நடைபெறுகிறது. அங்குள்ளோர் அத்தகைய தண்ணீரை 'வெள்ளைத் தண்ணீர்' என்கிறார்கள்.

காவிரியும் தண்ணீர்தான், களனியும் தண்ணீர்தான். ஒன்று ஏன் அமைதியாகப் போகிறது? மற்றொன்று ஏன் கொதிப்பதுபோல் நுரைக்கிறது?

சரிவின் கணக்கு

திருச்சி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கிருந்து கடல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அதாவது காவிரி ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அரை மீட்டர்தான் கீழே இறங்குகிறது. களனியோ 2,000 மீட்டரைத் தாண்டிய சிவனொளிபாத மலைப் பகுதியில் பிறந்து, 145 கிலோமீட்டரில் கொழும்பருகே கடலைச் சேர்ந்துவிடுகிறது. அந்த இறக்கத்தில் பெரும் பகுதி மலைப் பகுதியிலேயே முடிந்துவிடும்.

இறங்கும் தண்ணீர் தன் நிலை ஆற்றலை இழக்கிறது. வினாடிக்கு 50 கன மீட்டர் தண்ணீர் ஓர் ஆற்றில் போவதாகவும், ஓரிடத்தில் அது ஒரு மீட்டர் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் தண்ணீரின் நிறை 1,000 கிலோகிராம். எனவே ஒவ்வொரு வினாடியும் இழக்கப்படும் ஆற்றல் 50 × 1,000 × 9.8 × 1 = 4,90,000 ஜூல். இது 490 கிலோவாட் திறன். நம் வயல்களில் ஓடும் 5 குதிரைத்திறன் பம்ப்செட்டுகள் 130-ஐ ஒரே இடத்தில் வைத்து ஓட்டுவதற்குச் சமம்!

இந்த ஆற்றல் எங்கே போகிறது? சமவெளியில் மணலோடும் கரையோடும் உராய்ந்து, பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சிறிது சிறிதாகச் செலவாகிறது. மலை ஆற்றிலோ சில மீட்டர் தூரத்திற்குள் மொத்தமும் செலவாக வேண்டும். அந்த அவசரச் செலவுதான் சுழல், அலை, இரைச்சல், நுரை எல்லாம். முடிவில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. ஆனால் கையை விட்டுப் பார்த்தால் தெரியாது. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு வெப்பநிலை 0.0023 டிகிரி செல்சியஸ்தான் உயரும்.

குழாயடியில் ஒரு சோதனை

சமையலறைக் குழாயின் கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீரை மெல்லத் திறந்துவிடுங்கள். விழும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடிபோல் மெல்லிய வட்டமாகப் பரவும். சிறிது தூரம் சென்றதும் திடீரென்று தடித்து ஒரு வரப்பாக எழும்பும். இதற்கு 'நீர்த் தாவல்' என்று பெயர்.

வட்டத்தின் உள்ளே தண்ணீர், தன் மேல் செல்லும் அலையைவிட வேகமாக ஓடுகிறது. வரப்புக்கு வெளியே அலையைவிட மெதுவாக ஓடுகிறது. வேகம் குறையும் இடத்தில் ஆழம் கூடித்தானே ஆக வேண்டும்? அதனால் வரப்பு. (தட்டின் சிறிய அளவில் பரப்பு இழுவிசைக்கும் பங்குண்டு.) ஆழம் குறைந்த தண்ணீரில் அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இது வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். பாறைச் சரிவில் இறங்கும் தண்ணீர் இதைத் தாண்டிவிடுகிறது. அடியில் ஆழமான தண்ணீரில் மோதும்போது தாவல் உண்டாகிறது. அங்கே காற்றை விழுங்கி நுரைக்கிறது. கித்துல்கலவில் எங்கள் படகைத் தூக்கிப் போட்ட அலைகள் இத்தகையவையே. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

நுரை வெள்ளையாகத் தெரிவது ஏன்? நிறமற்ற கண்ணாடியைப் பொடி செய்தால் வெள்ளையாகத் தெரிகிறது அல்லவா? அதே காரணம்தான். எண்ணற்ற குமிழிகளின் பரப்புகள் எல்லா நிறங்களையும் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன.

நுரையில் மிதக்க முடியுமா?

படகில் ஏறுமுன் வழிகாட்டி எங்களுக்கு லைஃப் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் மாட்டிவிட்டார். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ள மாணவரின் பருமன் ஏறத்தாழ 50 லிட்டர். தெளிந்த நீரில் மூழ்கினால் அதே அளவு மேல் உந்தல் கிடைக்கும், ஒருவாறு மிதக்கலாம். ஆனால் நுரையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்றால், மேல் உந்தல் 40 கிலோ எடைக்குத்தான் சமம். 10 கிலோ குறைகிறது! 10 லிட்டர் இடத்தை அடைக்கும் ஜாக்கெட் அணிந்தால் மேலும் 8 கிலோ கிடைக்கும். அப்போதும் சிறிது குறைகிறது. அதனால் ஜாக்கெட் அணிந்தவரும் நுரையில் கணநேரம் மூழ்கலாம். ஆனால் ஆறு அவரைத் தெளிந்த நீருக்கு இழுத்துச் சென்றதும் ஜாக்கெட் மேலே கொண்டுவந்துவிடும்.

"விழுந்தால் எழுந்து நிற்காதீர்கள். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து வாருங்கள்" என்றார் வழிகாட்டி. நின்றால் பாறை இடுக்கில் கால் சிக்கும். தண்ணீர் உடலை மடக்கிவிடும். அந்த விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இடுப்பளவு நீரில் நிற்பவரைச் சுமார் 125 நியூட்டன் விசை தள்ளுகிறது என்றால், 2 மீட்டர் வேகத்தில் 500 நியூட்டன். கிட்டத்தட்ட ஓர் அரிசி மூட்டையின் எடை பக்கவாட்டில் சாய்வது போல!

இன்னொரு வியப்பு. அலை நெருங்கும்போது "வேகமாகத் துடுப்புப் போடுங்கள்" என்று கட்டளை வந்தது. ஏற்கெனவே ஓடும் படகை இன்னும் விரட்டுவானேன்? தண்ணீரின் வேகத்திலேயே படகும் போனால், தண்ணீரைப் பொறுத்தவரை அது நிற்கிறது, துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துத் திருப்ப முடியாது. தண்ணீருக்கும் படகுக்கும் வேக வேறுபாடு இருந்தால்தான் துடுப்பு திசை காட்டும்.

காடு செய்யும் வேலை

மறுநாள் காட்டுக்குள் நடந்தோம். காலுறைக்குள் அட்டைகள் புகுந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பல இலைகளின் நுனி வால்போல் நீண்டிருந்தது. நீர்த்துளி இலையில் ஒட்டித் தங்காமல் நுனி வழியே வடிந்துவிட இது உதவுகிறது. பெரிய மழைத்துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண்ணைப் பெயர்த்து ஆற்றுக்கு அனுப்பும். காட்டிலோ தரையிலுள்ள சருகு மெத்தை அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மழை நின்ற பின்னும் ஓடைகளாகக் கசிந்துகொண்டிருக்கிறது. மரங்கள் போனால் மழையன்று வெள்ளம், மறுவாரம் வறட்சி.

ஆற்றின் மேல்பகுதியில் நீர்மின் அணைகள் உள்ளன. அணையின் கீழே உள்ள ஆறு, மழை இல்லாத நாளிலும் திடீரென்று ஏறலாம். மேட்டூர் அணையின் கீழே வாழும் நமக்கும் இது பொருந்தும்.

நுரைக்காத ஆபத்து

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'வெள்ளைத் தண்ணீர் ஆபத்து, நம் ஊர் அமைதியான தண்ணீர் பத்திரம்' என்று முடித்தால் தவறு செய்தவனாவேன்.

எனக்கு அப்போது 12 வயது. ஒரு வாய்க்காலின் குறுக்கே சிறு தடுப்பணை. அதன் மேல் முழங்காலளவு தண்ணீர் வழிந்தது. கீழே தண்ணீர் குளம்போல் தெரிந்தது. ஒரு தேங்காய் மட்டை மட்டும் அணையை ஒட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகியும் அது ஆற்றோடு போகவில்லை. அதை எடுக்க இறங்கினேன். கரையை நோக்கி எவ்வளவு கை வீசியும் தண்ணீர் என்னை அணையின் பக்கமே இழுத்தது. இரண்டு முறை உள்ளே போனேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் நீரில் குதிக்கவில்லை. தம் வேட்டியை அவிழ்த்து முறுக்கி வீசினார். அதைப் பற்றியே கரை சேர்ந்தேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பின்னாளில் கல்லூரியில் நீர்த் தாவலைப் படித்தபோதுதான் அந்த மட்டை சொன்ன பாடம் புரிந்தது. அணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியோடு பாய்ந்து வெளியேறுகிறது. மேற்பரப்பு நீர் திரும்பி அணையை நோக்கி வருகிறது. மிதக்கும் பொருள் எதுவும் அதில் சிக்கிச் சுழலும். மட்டைக்கு நேர்ந்ததே எனக்கும் நேர்ந்தது.

அணை கட்டும் பொறியாளர்கள் இதை அறிவார்கள். தண்ணீர் தன் ஆற்றலை அங்கேயே செலவழிக்கட்டும் என்று, அணையின் கீழே உறுதியான தளமும் கற்களும் அமைக்கிறார்கள். ஆர்தர் காட்டன் 1836-38-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் உடைந்து போயின. இரும்பையும் கல்லையும் பெயர்க்கும் தண்ணீருக்கு நம் கைகால் எம்மாத்திரம்?

ஆகவே தடுப்பணையின் கீழே குளிக்காதீர்கள், அது எவ்வளவு சிறியதாயினும். யாரேனும் சிக்கினால் குதிக்காதீர்கள். கயிறோ வேட்டியோ சேலையோ வீசுங்கள், உரக்கக் கூவிப் பெரியவர்களை அழையுங்கள்.

அடுத்த முறை ஆற்றங்கரைக்குப் போனால், இறங்குமுன் ஒரு சருகைத் தண்ணீரில் போட்டுச் சற்று நேரம் கவனியுங்கள். அது எவ்வளவு வேகமாகப் போகிறது? நேராகப் போகிறதா, சுழல்கிறதா, திரும்பி வருகிறதா? திரும்பி வந்தால், நீங்களும் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.