தேரியில் மேயும் மாட்டுக்குத் தாது உப்பு

உடன்குடியை ஒட்டிய குதிரைமொழித் தேரியில் மேயும் மாடுகளைக் கவனித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு மாடு கந்தல் துணியை மென்றுகொண்டு நிற்கும். மற்றொன்று வெயிலில் வெளுத்த எலும்புத் துண்டை வாயில் போட்டு உருட்டும். 'கெட்ட பழக்கம்' என்று மேய்ப்பவர் கம்பால் தட்டிவிடுவார். பெரும்பாலும் அது உடலில் பாஸ்பரஸ் குறைந்ததன் அடையாளம்.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்டு தெய்லர் என்ற கால்நடை அறிவியலாளர் இதைத் தெளிவுபடுத்தினார். அங்கு மேய்ச்சல் மாடுகள் கால் விளங்காமல் விழுந்து மடிந்துகொண்டிருந்தன. பாஸ்பரஸ் பற்றாக்குறையால் அவை செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்ததும், அதிலிருந்த நச்சு அவற்றைக் கொன்றதும் ஆய்வில் வெளிப்பட்டன. எலும்புத்தூள் ஊட்டியதும் மாடுகள் எலும்பு தேடுவதை விட்டன, எடையும் கூடியது.

தாமிரபரணிப் பாசன ஊர்களில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் கீழுள்ள நெல் வயல்களின் தவிடு அங்குள்ள மாட்டுக்குப் பாஸ்பரஸைக் கொடுத்துவிடுகிறது. சிறிது தொலைவிலுள்ள தேரியிலோ மணலும் பனையும் முள்ளும்தான். கோடையில் காய்ந்த புல்லில் சத்து எதுவும் மிஞ்சுவதில்லை. அங்கே பசு காலத்தில் சினைக்கு வருவதில்லை; கிடேரி பருவமடைவதும் தள்ளிப்போகிறது. ஓர் ஆண்டு கன்று ஈனாத பசு ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

இதற்கு மருந்து தாது உப்புக் கலவை. ஆனால், மேய்ச்சல் மாட்டுக்கு அதை ஊட்டுவது எளிதன்று. எலும்பைக் கடிக்கும் மாட்டுக்கும் தன் தேவையை அளந்து தின்னத் தெரியாது. அது விரும்பி நக்குவது சமையல் உப்பையே. எனவே, உலகெங்கும் உப்பைத் தூண்டிலாக வைத்து மற்றத் தாதுக்களை உள்ளே அனுப்புகிறார்கள். உடன்குடிக் கடற்கரையில் இந்தத் தூண்டில் சரியாக வேலை செய்யாது. நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த இடங்களில் மாடு குடிக்கும் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது; கலவையை அது குறைவாகவே நக்கும். கருப்பட்டி ஊரில் கருப்பட்டியைக் கலந்து வைத்தாலென்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். மனிதருக்கே கட்டுப்படியாகாத விலை! மாலையில் மாடு தொழுவத்துக்குத் திரும்பியதும் கழுநீரில் கொஞ்சம் தவிட்டோடு 30 முதல் 50 கிராம் கலவையைக் கரைத்து வைப்பதே உத்தமம். அதே கலவையைச் செம்மறிக்கும் கொடுத்துவிடக் கூடாது. மாட்டுக்குத் தேவையான தாமிரம் செம்மறிக்கு நாளடைவில் நஞ்சாகலாம்.

பொருளியல் ஆசிரியனான என்னைக் கவலைப்படுத்துவது அந்தப் பொட்டலத்தின் தரம். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்: தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்த சந்தையில், மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும். தாது உப்புக் கலவை அதற்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு. உப்புச் சேர்க்காத கலவையில் கால்சியம் குறைந்தது 20 விழுக்காடும் பாஸ்பரஸ் 12 விழுக்காடும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கால்சியம் மலிவு, சுண்ணாம்புக்கல் தூளே போதும். பாஸ்பரஸ்தான் விலை. அதில் கைவைத்தால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளைத் தூள் வெள்ளைத் தூளாகவே இருக்கும். பதப்படுத்தாத பாறை பாஸ்பேட்டைச் சேர்த்தாலோ அதிலுள்ள ஃபுளோரின் மாட்டின் பல்லையும் எலும்பையும் அரித்துவிடும்.

இன்னொரு சரக்கும் இத்தகைய பொட்டலத்தில் ஏறக்கூடும். அமெரிக்காவில் மேய்ச்சல் இறைச்சி மாடுகளுக்கான தாதுக் கலவையில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்க்கிறார்கள். இரைப்பையின் நுண்ணுயிர்களை மாற்றி, தின்ற புல்லிலிருந்து கூடுதல் எடையைப் பெற்றுத்தருவது அது. ஆனால், சிறிதளவே குதிரையைக் கொன்றுவிடும். எந்த மாடு எவ்வளவு நக்கியது என்று எவரும் அறியாத இடத்தில் மருந்தைத் திறந்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் ஊட்டுவதை நிறுத்திவிட்டது. மொனென்சினும் அதில் அடங்கும். இந்தியா 2019-இல் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தது. பாஸ்பரஸே கிடைக்காத மாட்டுக்கு எடைகூட்டும் மருந்து எதற்கு?

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தரமான கலவையைத் தானே தயாரித்து விற்கிறது. நெல்லையில் இராமையன்பட்டியிலேயே அதன் கல்லூரி உள்ளது. பால் கூட்டுறவுச் சங்கங்களும் உறுப்பினர்களுக்குக் கலவை வழங்குகின்றன. தேரியில் மேயும் கிடேரியும் வறட்டு மாடும் உழவு மாடும் சங்கத்துக்குப் பால் ஊற்றுவதில்லை. ஆகவே, அவற்றை வளர்ப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவர் பெட்டிக்கடையில் உதிரியாகத் தூள் வாங்குகிறார். பல்கலைக்கழகக் கலவையை ஒரு கிலோ பொட்டலமாக மேலப்பாளையம் சந்தையிலும் உடன்குடிக் கடைவீதியிலும் விற்கலாம். கடைத் தூளின் மாதிரிகளை ஆண்டுக்கு இருமுறை எடுத்துச் சோதித்து, பாஸ்பரஸ் அளவை நிறுவனப் பெயரோடு நாளிதழில் வெளியிடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் ஆய்வுக்கூடமும், மாதிரி எடுக்க இரண்டு பேரும் போதும்.